தாமதமாக ஒட்டிய அறிவிப்பு

சிங்கப்பூர். ஞாயிறு, மார்ச் 8. இரவு.

எங்கள் கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தேர்தலுக்குப் பதினான்கு நாள் முன்பே அறிவிப்பு ஒட்டவேண்டும் என்பது சட்டம். செயலாளரான அப்பா மறந்துவிட்டு, போன வியாழன்தான் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார். இன்று கூட்டத்தில் நூர்ஜஹான் ஆன்ட்டி எழுந்தார். "அறிவிப்பையே பாக்கல, நான் எப்படிப் பேர் கொடுக்கிறது? தேர்தல் செல்லாது லா." அப்பா என்னைக் காட்டினார். "ரெண்டு வாரம் முன்னாடியே இவதான் ஒட்டினா. கேளுங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா ஆன்ட்டி" என்றேன்.

"பிள்ளை பொய் சொல்லாது" என்று சொல்லி ஆன்ட்டி உட்கார்ந்துவிட்டார். அப்பா மறுபடி ஜெயித்தார்.

லிஃப்ட் பக்கத்தில் கேமரா இருக்கிறது. ஆன்ட்டி கேட்டால் காவலாளிகள் பதிவைக் காட்டிவிடுவார்கள்.

கூட்டம் முடிந்ததும் சிராங்கூன் ரோட்டில் அப்பா பரோட்டா வாங்கித் தந்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பசித்தது. இரண்டு சாப்பிட்டேன்.