நான் ஓட்டாத கார்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். மெயின் அருவியில் குளிக்கத் தடை. சவாரி இல்லை. இருந்தும் வேனைக் கழுவினேன். பண்பொழி மலையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து.

அடிவாரத்தில் பிள்ளைகள் என் வேனைப் பார்த்து ஓடிவந்தன. அண்ணன் மறித்தான். சொந்தபந்தம் எல்லாம் நிற்கிறது. "அவன் வண்டில பிள்ளையள ஏத்தாதிய. ஏற்கெனவே ஆளை இடிச்சிட்டுக் கேஸ்ல நிக்கான்."

இலஞ்சி விலக்கில் சைக்கிள்காரர் காலை முறித்தது அவன் கார். ஓட்டியது அவன். அவன் வாத்தியார், அரசாங்க வேலை. எனக்குப் போக என்ன இருக்கிறது என்று வீட்டில் கூடிப் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். போன வாய்தாவில் நான்தான் ஓட்டினேன் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. தீர்ப்பு மட்டும் பாக்கி.

நாங்கள் சேர்ந்து சொன்ன பொய்யை இப்போது அவனே நம்புகிறான். பந்தியில் உட்காரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தென்காசி. வக்கீல் ஆபீஸ். கரண்ட் இல்லை, கொசு.

தீர்ப்புக்கு முன்னால் என்றால் ஒப்புக்கொண்டதை வாபஸ் வாங்க மனுப் போடலாமாம். கோர்ட்டில் பொய் சொன்னதாக அது என் மேலேயே திரும்பலாம் என்றும் சொன்னார். லைசென்ஸ் போனால் மட்டும் நான் பிழைப்பேனா? போடச் சொல்லிவிட்டேன்.

வாங்க: வைப்பர் பிளேடு. சட்டைப் பட்டன். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

மனுப் போடுவதைச் சொன்னேன். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா கேட்டாள்: "அவன் வேல போயிருமேலே?" என் வேலையைப் பற்றிப் பேச்சில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். கோர்ட்டில் நல்ல கூட்டம்.

அன்றைக்கு ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று நீதிபதி அம்மா கேட்டார். "வீட்ல சொன்னாங்கம்மா" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மனுவை ஏற்றுக்கொண்டார். இனி விசாரணை, சாட்சி. பின்னாலிருந்து இடித்ததால் சைக்கிள்காரர் யாரையும் பார்க்கவில்லை. அன்று அண்ணனோடு காரில் இருந்தது மதினி மட்டும்.

வாசலில் மதினி. அழுத முகம். பண்பொழியில் அவர் அப்படிப் பேசியது தப்பு என்றாள். மனசு இளகிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

குடித்து முடித்துத்தான் சொன்னாள். "என்னைக் கூண்டுல ஏத்தினா நீங்கதான் ஓட்டினியன்னு சொல்லுவேன் தம்பி. எனக்கு வேற வழியில்ல."

சொல்லிவிட்டு, வீட்டில் இறக்கிவிடச் சொல்லி என் வேனிலேயே ஏறி உட்கார்ந்தாள்.