பெடல் எட்டும் தூரம்

லௌத், லிங்கன்ஷயர்
10 பிப்ரவரி 2013

அன்புள்ள நைஜல்,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

நலமாக இருக்கிறேன். இந்த வாடகை வீட்டில் சமையலறை சின்னது, கராஜ் பெரியது. அதற்காகத்தான் எடுத்தேன். நான் ஒரு கார் கட்டப் போகிறேன். நாம் கட்டிய சிவப்புக் கார் மாதிரிதான்: சட்டமும் பாகங்களும் பெட்டி பெட்டியாக வரும், எஞ்சினைப் பழைய காரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஸ்கெக்னஸ் நூலகத்துக்கு அதில்தான் வேலைக்குப் போவேன். மாதத்தில் ஒரு நாள் காட்வெல் கார்ப் பந்தய ஓடுதளத்தில் மனம் போல ஓட்டுவேன். எந்த கம்பெனியின் கார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. எஞ்சின் தூக்கும் கிரேனும் போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சும் என்னுடையவை, அவற்றை அனுப்பி வை. மழையில் முழங்கால் வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. வேளைக்குச் சாப்பிடு. டின் சூப்பை மட்டும் நம்பி இருக்காதே.

அன்புடன்,
மேரியன்


ரெட்ஃபோர்ட்
24 பிப்ரவரி 2013

என் அன்பு மேரியன்,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

உனக்கு ஐம்பத்தேழு வயது. கதவில்லாத, கூரையில்லாத காரில், பிப்ரவரிக் காற்றில், நூலகத்துக்குப் போவாயா? கார்தான் வேண்டுமென்றால் ஹீட்டரும் துணிக்கூரையும் உள்ள நல்ல மாஜ்டா காராகப் பார். கட்டித்தான் தீருவேன் என்றால், அகலமான பாடி, இரண்டு லிட்டர் எஞ்சின், பெரிய பிரேக். சக்தி குறைந்த கார் ஓடுதளத்தில் மற்றவர்களுக்குத் தொந்தரவு. மோட்டார் சைக்கிள் எஞ்சின் போட்டதைத் தொடவே தொடாதே. இதெல்லாம் அனுபவத்தில் சொல்கிறேன். கார் க்ளப்பில் பதினெட்டுப் பேர் என்னிடம் கேட்டுத்தான் கார் வாங்கியிருக்கிறார்கள்.

இல்லையென்றால் ஈஸ்டர் விடுமுறையில் நானே வந்து கட்டித் தருகிறேன். நீ முன்பு போலவே பாகங்களை எடுத்துக் கொடு, டீ போடு.

கிரேனை அனுப்பவில்லை. அனுப்பிவிட்டால் நீ திரும்பி வர மாட்டாய் என்று தோன்றுகிறது. நவம்பரிலிருந்து சிவப்புக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வீடு குளிர்கிறது.

உன்னுடைய,
நைஜல்


லௌத்
21 ஏப்ரல் 2013

அன்புள்ள நைஜல்,

பாகங்களை எடுத்துக் கொடுத்தேனா? ஆறு குளிர்காலம் அந்தக் காரின் ஒயரிங் முழுவதும் போட்டது யார்? பிரேக் குழாய்களை வளைத்தது யார்? பின் அச்சை மூன்று முறை கழற்றி மாட்டியது யார்? டீயும் நான்தான் போட்டேன், அதை மறுக்கவில்லை.

இந்த மாதிரிக் கார் விற்கும் மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு பேரி துணைக்கு வந்தார், ஓய்வு பெற்ற தபால்காரர். நீ சொன்ன அகல பாடிக் கார்தான் முதலில். விற்பனையாளர் என்னைத் தாண்டி அவரிடம் கேட்டார்: "என்ன சார், ட்ராக்ல ஓட்டி பழக்கம் உண்டா?"

"எனக்கு பஸ்ஸே போதும்பா. வாங்கறது அவங்க."

"அப்படியா. மேடம், எத்தனை குதிரை சக்தி எதிர்பார்க்கறீங்க?"

"அது கெடக்கட்டும். மொதல்ல நான் உள்ள உக்காரணும்."

உட்கார்ந்தேன். க்ளட்ச் பெடல் என் கட்டைவிரலுக்கு நாலு அங்குலம் அப்பால் நின்றது. முதுகுக்கு மெத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஓடுதளத்தில் சொர்க்கமாக இருக்கும், ஆனால் சாலையில் காது கிழியும், பின்னால் போக கியரும் கிடையாது. நூலகத்து வாசலில் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது சரி.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? சிவப்புக் காருக்குப் பெடல் பூட்டும் நாளில், இருக்கையை முன்னே பின்னே நகர்த்தக் கீழே தண்டவாளம் வைக்கலாம், நானும் ஓட்டலாம் என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ரெண்டு கிலோ கூடும், மேரியன்." உன் ஆறடி இரண்டங்குல உயரத்துக்கு அளவெடுத்து இருக்கைக்கு போல்ட் போட்டாய். அந்த போல்ட்டை இறுக்கியதும் நான்தான். பதினோரு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். ஒரு நாள்கூட, ஒரு மைல்கூட அதை ஓட்டவில்லை. கண்காட்சியில் "கட்டியவர்: நைஜல் தர்ஸ்பி" என்று அட்டை வைத்தபோது கைதட்டினேன். எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. இப்போதுதான் சொல்கிறேன்.

மூன்றாவது இடத்தில் ஒடுக்கமான சட்டம். உட்கார்ந்ததும் மூன்று பெடலும் காலடியில் வந்து நின்றன. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. பேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயிரத்து அறுநூறு சிசி மாஜ்டா எஞ்சின் போடுகிறேன். முழுக்காரும் ஐந்நூற்றிருபது கிலோதான் வரும், அந்த எடைக்கு அதன் சக்தி போதும். முந்துகிறவர்கள் நேர்ப்பாதையில் முந்தட்டும். வளைவில் பார்த்துக்கொள்கிறேன்.

கிரேனை நீயே வைத்துக்கொள். எதிர்ப்பண்ணைக்காரர் டிராக்டரின் முன்னால் உள்ள தூக்குக்கையில் எஞ்சினைத் தூக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

மேரியன்


ரெட்ஃபோர்ட்
15 ஜூன் 2014

அன்புள்ள மேரியன்,

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ எழுதியதற்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். நாலு முறையும் என் பக்கத்து நியாயத்தை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிவப்புக் கார் ஸ்டார்ட் ஆகாததால் க்ளப் சந்திப்புக்கு லாரியில் ஏற்றிப் போனேன். அங்கே ஒரு எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டைக் கழற்றினார். சுற்றி இருபது பேர். ஒவ்வொரு ஒயரிலும் உன் கையெழுத்தில் சின்னச் சின்னச் சீட்டு. அவர் ஒரு சீட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தார்: "'நைஜல், இதைத் தொடாதே.'"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இத யாரு கட்டுனது?"

"நாங்கதான்... வீட்ல."

"நாங்கன்னா? உங்களுக்கு எழுதி வச்சிருக்கறதப் பாத்தா நீங்க இல்லன்னு தெரியுது சார். கட்டுனவங்களயே கூப்பிட்டுக் கேளுங்க."

அப்போதும் நான் உன் பெயரைச் சொல்லவில்லை, மேரியன். டீ வாங்கப் போவது போல நழுவிவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உன் காரைச் சாலையில் ஓட்டுவதற்கு முன் அரசு சோதனை வரும். நானே கட்டினேன் என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், கட்டும்போது எடுத்த படங்களும் கேட்பார்கள். விண்ணப்பத்தை என் பெயரில் போடலாமே. அவர்களுக்கு என்னைத் தெரியும், வேலை சுலபமாக முடியும். அப்படியே ஒரு நாள் வந்து சிவப்புக் காரையும் பார். ஸ்டார்ட் ஆனதும் வீட்டிலேயே இருந்துவிடேன். உன் காரை ஓடுதளத்தில் நான் முதலில் ஓட்டிப் பார்த்து, பிரேக்கைச் சரி செய்து தருகிறேன்.

உன் நைஜல்


லௌத்
28 செப்டம்பர் 2014

நைஜல்,

தொட்டிருக்கிறாய். டாஷ்போர்டின் பின்னால், இடது பக்கம் மூன்றாவது போல்ட்டின் கீழே இருக்க வேண்டிய கறுப்பு எர்த் ஒயரை, ரேடியோ வைக்கும்போது நீ கழற்றி வேறு எங்கோ மாட்டியிருப்பாய். பழைய இடத்தில் இரும்பு தெரியும்படி பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, அதை அங்கேயே மாட்டி இறுக்கு. கார் ஸ்டார்ட் ஆகும். அதற்கு நான் வர வேண்டியதில்லை.

என் கார் வியாழக்கிழமை சோதனையில் தேறிவிட்டது. முதல் தடவை, ஒரு கண்ணாடியின் விளிம்பு கூர்மை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நூற்றுநாற்பது படம், எல்லாவற்றிலும் நீ. எடுத்தது நான். இந்தத் தடவை கேமராவைப் பெயின்ட் டின் மேல் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நின்றேன். பாதிப் படத்தில் எனக்குத் தலை இல்லை. சோதனை அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "கை மட்டும் எல்லாத்துலயும் ஒரே கை," என்றார். உறுதிமொழித் தாளில் என் பெயரை எழுதினேன். மேரியன் லாம்ப். கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

வக்கீலின் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலில் குறியிட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கோபத்தில் அனுப்பவில்லை. உன்மேல் பிரியம் இல்லாமலும் இல்லை. ஆனால் இனி யாருடைய பக்கத்து இருக்கையிலும் நான் உட்காரப் போவதில்லை.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி காட்வெலில் ஓட்டுகிறேன். பச்சைக் கார். பேரி சாண்ட்விச் கொண்டு வருகிறார். வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார், தாராளமாகக் கை காட்டு. ஓட்டிப் பார்க்க மட்டும் கேட்காதே, உன் கால் உள்ளே நுழையாது. பெடலை என் ஐந்தடி உயரத்துக்கு அளவெடுத்து போல்ட் போட்டுவிட்டேன். இருக்கையும் நகராது.

தண்டவாளம் வைக்கலாமே என்று பேரிகூடக் கேட்டார். ரெண்டு கிலோ கூடும் என்று சொல்லிவிட்டேன்.

மேரியன் லாம்ப்