குப்பைத்தொட்டி இருந்த இடத்தில் கோலம்

செவ்வாய்க்கிழமை, இரவு

 

ஜனங்களின் மனசைப் படித்து அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் கம்பெனி எங்களுடையது. நாங்கள் சொன்னபடி மல்லாபூரில் ஒரு தெருமுனையிலிருந்த குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டு, அங்கே பெரிய கோலம் போட்டிருக்கிறார்கள். கோலத்தின் மேல் குப்பை கொட்ட யாருக்கும் மனசு வராதாம். பலன் தெரிகிறதா என்று பார்க்க, காலையில் மேனேஜர் சேகர் சாரோடு போனேன்.

வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண், ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் குப்பைக் கவரோடு கோலத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"மரி எக்கட படேயாலம்மா?" என்று தெலுங்கில் என்னைக் கேட்டாள். வேறு எங்கேதான் போடுவது என்கிறாள். வீட்டுக்கே குப்பை வண்டி வருமே என்றேன். வண்டி வரும் நேரத்தில் அவள் ஃபேக்டரியில் இருப்பாளாம்.

அதற்குள் சார் அவளைப் படம் எடுத்துவிட்டார். "பாத்தியாம்மா, எப்படித் தயங்கறா! இதான் மனமாற்றம். பிரசன்டேஷன்ல முதல் ஸ்லைடே இதான்."

அவள் டிபனையும் குப்பையையும் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்கே நடந்தாள்.

சார் அங்கேயே நின்று டீ குடித்தார். அடியில் கொஞ்சம் டீ மிஞ்சிய பேப்பர் கப்போடு சுற்றுமுற்றும் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். தயங்கினார். பிறகு, "இத வெச்சுக்கோம்மா" என்று என்னிடம் நீட்டினார்.

என் கையிலும் போன் இருந்தது. இரண்டாவது ஸ்லைடுக்கு அவரையே எடுத்திருக்கலாம். கப்பை வாங்கி என் ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டேன்.

பேக் முழுக்க டீ. ச்சீ.