ஒரு நாள் இன்ஜினியர்

14.11, வெள்ளி

குளிர். விரல் நடுங்குகிறது. எழுத்து கோழி கிளறின மாதிரி. (வழக்கமும் அதுதான்.)

ஆர்.கே.புரம் வீட்டிலிருந்து டாக்சியில் பதினோரு மணி நேரம். பிறகு மலையேற்றம், இரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் கோவேறு கழுதைக்காரன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "பைட்டியே, பாபுஜி" (ஏறி உட்காருங்க) என்றான். மறுத்தேன். கழுதைக்கு நிம்மதி.

விடுதியில் கரண்ட் இல்லை. சிக்னல் இல்லை. அறைக்கு ஒரு சோலார் விளக்கு. மேலே சுனையிலிருந்து கறுப்புப் பைப்பில் தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. மோட்டாரே கிடையாது. என் பிழைப்பில் மண்.

மகள் ப்ரியாவுக்கு வேலை கிடைத்த பிறகு முதல் சுற்றுலா. அவள் ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேர். கூட நானும் என் மனைவி மங்கையும். சாப்பாட்டில் நிகிதா என்ற பெண் என் வேலையைக் கேட்டாள். நான் வாயிலிருந்த ரொட்டியை விழுங்குவதற்குள் ப்ரியா ஹிந்தியில் முந்திக்கொண்டாள்: "அப்பா தண்ணி டிபார்ட்மென்ட்ல இன்ஜினியர்."

மோதி பாக் பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் பம்ப் ஆபரேட்டர். ஒரு பிரமோஷன் கிடையாது. இன்று ரொட்டிக்கும் பருப்புக்கும் நடுவில் கிடைத்தது. சிரித்துவைத்தேன். மீதி ரொட்டியை மங்கையின் தட்டில் வைத்தேன்.

ப்ரியாவுக்குத் தமிழ் படிக்க வராது. தைரியமாக எழுதலாம்.

15.11, சனி

நல்ல வெயில். குழாயில் தண்ணீர் இல்லை.

நேகி ஜி (விடுதிக்காரர்) இன்று விடியற்காலை மேல் தொட்டியைக் கழுவினாராம். அப்போதிலிருந்து வரவில்லை. ரிப்பேர் ஆள் நாளைதான் வருவான். சிநேகிதர்கள் மூட்டை கட்டப் பார்க்கிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது ப்ரியா, முகம் சுண்டிவிட்டது.

ரோஹன் என்ற பையன்: "அரே, அங்கிள் இன்ஜினியராச்சே!"

ப்ரியா என்னைத் தனியே இழுத்தாள். "அப்பா, ப்ளீஸ். நீங்க கை வெக்காதீங்க. அவங்க பாத்தா..."

"பாத்தா?"

என் காலரைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

மங்கை: "வந்த எடத்துலயும் பைப்பா? சரி, ஜல்தி போங்க. எனக்கு மூஞ்சி கழுவணும்."

நேகி ஜியிடம் ரெஞ்ச் வாங்கிக்கொண்டு போனேன். தொட்டி காலியானால் பைப்பில் காற்று ஏறும். மேட்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடாது. இதற்குப் பட்டம் வேண்டாம், பைப்போடு குடித்தனம் பண்ணியிருந்தால் போதும். வழியில் மூன்று மேடு. முதல் மேட்டில் ஜம்பமாக ஜாயின்ட்டைத் தளர்த்தினேன். ஒன்றுமில்லை. இரண்டாவதில் சாணியில் உட்கார்ந்தேன். மூன்றாவதில் புஸ்ஸென்று காற்று, நாலு துப்பல், பிறகு முகத்திலேயே ஐஸ் தண்ணீர். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தமிழிலும் எழுத மாட்டேன்.

இறங்கும்போதே கீழே கூச்சல். எல்லாக் குழாயும் ஓடுகிறது! ரோஹன் கை கொடுக்க வந்தான், சாணியைப் பார்த்து நமஸ்தே ஆக்கிவிட்டான். "இன்ஜினியர் சாப், நீங்களேவா?"

ப்ரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்ஜினியர் இல்ல. பம்ப் ஆபரேட்டர். நான்தான் பொய் சொன்னேன்." ஹிந்தியில், எல்லோருக்கும் கேட்க.

ரோஹன் என்னையும் ரெஞ்சையும் மாறிமாறிப் பார்த்தான்.

நிகிதா: "அதான் தண்ணி வந்துச்சு!"

அப்புறம் சிரிப்புத்தான். மங்கைதான் அதிகம்.

16.11, ஞாயிறு

மேகமே இல்லை. பனி மலை முழுசாகத் தெரிகிறது. இடுப்பு வலி. நேகி ஜி எனக்கு மட்டும் இரண்டு பரோட்டா கூடுதலாக வைத்தார். மங்கை முறைத்தாள்.

சிநேகிதர்களுக்கு மூன்றாவது மேட்டைப் பார்க்க வேண்டுமாம். ப்ரியாதான் முன்னால். பைப்பைத் தட்டித் தட்டி விளக்கம். "மேரே பாப்பா, மேரே பாப்பா" (என் அப்பா) என்று பத்து தடவையாவது இருக்கும். காற்று எப்போதும் பள்ளத்தில்தான் நிற்கும் என்றாள். அத்தனையும் தலைகீழ்.

நான் திருத்தவில்லை.