லான்சருக்கு ஒரு இன்டர்கூலர்

ஸ்பிரிங்வெளி,
10.01.1999

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைத்தான் அறிய முடியவில்லை. போன கடிதத்தில் நாலு வரி; அதில் மூன்று ஷார்ஜா வெயிலைப் பற்றியது.

இனி எழுதப்போவதை ஏசாமல் வாசியுங்கள். லான்சர் காரை மூடியிருந்த படங்கை எடுத்துவிட்டேன். பதுளை மர்ஸூக் நானா தன் கராஜில் எஞ்சினைத் திருத்தி, நீங்கள் ஆசையாக வாங்கி வைத்த பெரிய டர்போவையும் பூட்டிவிட்டார். "முந்நூறு குதிரை ஈக்கிது தங்கச்சி, பாத்து மிதிங்க" என்கிறார். சித்திரை வருஷம் முடிந்ததும் வரும் மலையேற்றப் பந்தயத்தில் அதை நான் ஓட்டப்போகிறேன். சிரிக்க வேண்டாம். எனக்கு ஓட்டப் பழக்கியதே நீங்கள்தான்.

ஒரே பிரச்சினை இன்டர்கூலர். டர்போ அமுக்கிச் சூடாக்கும் காற்றைக் குளிர வைத்து எஞ்சினுக்கு அனுப்ப, பழைய சின்னப் பெட்டி போதாது. மூன்று வருஷத்துக்கு முன் அதே பந்தயத்தில், மூன்றாவது வளைவில், உங்கள் பிஸ்டன் உருகியதும் அந்தச் சூட்டினால்தானே. அன்றைக்கு இறங்கி நடந்தவர் ஷார்ஜாவில் போய்த்தான் நின்றீர்கள். அந்த வளைவு இன்னும் நம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிப் பார்க்க எனக்கு ஆசை.

எந்த அளவு இன்டர்கூலர் வேண்டும்? எழுதுங்கள்.

அன்புடன்,
விஜிதா

ஷார்ஜா,
28.01.1999

அன்புள்ள விஜிக்கு,

உனக்கென்ன பைத்தியமா? தேயிலை பெக்டரியில் கணக்கு எழுதுகிறவளுக்குப் பந்தயம் எதற்கு? கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், கோபத்தில்தான்.

கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். பெரியதாகப் போட்டால் பயமில்லை. லொறியிலிருந்து கழற்றிய ஒன்று கிடைத்தது, நாலரை அங்குலத் தடிப்பு. ஊருக்கு வரும் ஸமீமிடம் கொடுத்துவிடுகிறேன். அதன்பிறகு சூடு என்ற பேச்சே வராது.

கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மார்ச் முடிவதற்குள் சொல்ல வேண்டும். போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நீ எதுவும் சொல்லமாட்டாய் என்று தெரியும்.

சுபாஸ்

ஸ்பிரிங்வெளி,
21.02.1999

அன்புள்ள அத்தானுக்கு,

ஸமீம் அதைத் தூக்கி வந்து இறக்கிவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். பம்பரை வெட்டித்தான் பூட்டினோம். இப்போது மிதித்தால் கார் யோசிக்கிறது. வளைவெல்லாம் முடிந்த பிறகுதான் இழுக்க ஞாபகம் வருகிறது. போதாததற்கு ரேடியேட்டரும் கொதிக்கிறது.

பெக்டரி டீமேக்கரிடம் கெஞ்சி, கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து இரண்டு தெர்மாமீட்டர் வாங்கினேன். இன்டர்கூலரின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று கட்டி ஓட்டிப் பார்த்தோம். முன்னால் நுழையும் மலைக்காற்று பாதித் தடிப்பிலேயே சூடாகிவிடுகிறது போல. பின்னால் கொதித்துக்கொண்டு வந்து ரேடியேட்டரில் அடிக்கிறது. பின்பாதி வெறும் சுமை.

எங்கள் மாடியிலும் இதே கதைதான். கீழிருந்து காற்றாடி ஊதும். கொழுந்தைக் குவித்துக் கொட்டினால் அடிக்கொழுந்து வாடும், மேலே இருப்பது பச்சையாகவே கிடக்கும். அதனால்தான் மெல்லிசாகப் பரப்புகிறோம். இதற்கும் தடிப்பு வேண்டாம், அகலம்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சரியா?

நான் எதுவும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

விஜிதா

ஷார்ஜா,
08.03.1999

அன்புள்ள விஜிக்கு,

நீ சொன்னது சரி. நான் அனுப்பியது பயந்தவன் வாங்கும் அளவு. அந்த வளைவை நினைத்துக்கொண்டு வாங்கினால் லொறிச் சாமான்தான் கையில் வரும்.

முந்நூறு குதிரைக்கு இரண்டரை அங்குலத் தடிப்புப் போதும். முகம் அகலமாக இருக்க வேண்டும், ரேடியேட்டரில் பாதிக்கு மேல் மறைக்கக் கூடாது. குழாய்களும் நீளக் கூடாது. காற்று நிரம்ப நேரம் எடுத்தால் கார் மறுபடியும் யோசிக்கும். இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று அளந்து உடனே எழுது.

டீமேக்கருக்குத் தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுத்தாயா?

சுபாஸ்

ஸ்பிரிங்வெளி,
20.03.1999

அத்தானுக்கு,

இருபத்துநாலு அங்குலம். மர்ஸூக் நானா ஒரு தரம், நான் ஒரு தரம் அளந்தோம்.

தெர்மாமீட்டரைக் கூட விசாரித்திருக்கிறீர்கள். கையெழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கும் அங்குலக் கணக்கு அனுப்ப வேண்டுமா? உங்கள் மேல் எனக்குக் கோபம்.

விஜிதா

ஷார்ஜா,
03.04.1999

என் விஜிக்கு,

இருபத்துநாலுக்குச் சரியாக ஒன்று அகப்பட்டது, இரண்டரைத் தடிப்பு. உன் அளவு வருமுன்னரே தொடங்கி, மூன்று வெள்ளிக்கிழமை பழைய சாமான் கடைகளெல்லாம் அலைந்தேன். கையில் சாமான் இல்லாமல் உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

கையெழுத்துப் போடவில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

இன்டர்கூலரை இந்தத் தடவை ஸமீமிடம் கொடுக்கவில்லை. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் என்ன கேட்டாலும் சரி, மடியில் வைத்துக்கொண்டாவது கொண்டுவருவேன். சித்திரை வருஷத்துக்கு மறுநாள் பதுளையில் இறங்குகிறேன். மர்ஸூக் நானாவிடம் சொல்லி வை, பூட்டுவது என் கையால்.

ஓட்டுவது நீதான். நான் மூன்றாவது வளைவில் நிற்பேன். அங்கே என்னைக் கண்டதும் மிதித்த காலை எடுத்துவிடாதே.

உன்,
சுபாஸ்