மூன்றாம் எண்ணின் சொந்தக்காரி

ஆகஸ்ட் 10, சனி. ஈப்போ

எங்கள் இலங்கைத் தமிழர் மன்றத்தில் சனிக்கிழமை இலவச வகுப்பு எடுக்கிறேன். இன்று வகுப்பு தொடங்குமுன், மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரில்லாமல் எழுதினேன்: “உறுப்பினர் அல்லாதவர்களின் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நீக்கிய தலைவருக்குப் பாராட்டுகள். கல்விக்கு வேலி போடுவதும் ஒரு தொண்டுதான்.”

அதையும் மன்றத்து வைஃபையில். இருபத்து மூன்று வருடமாகக் கணிதம் கற்பிக்கிறேன், துணிச்சல் இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தலைவர் பஞ்சலிங்கம் கொதிக்கிறார். அரசாங்க இலாகாவில் ஓய்வு பெற்றவர்; இருமினால்கூட மூன்று பிரதி எடுப்பார். கருத்து எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்று விசாரித்து அச்செடுத்து வந்தார். மன்றத்தின் முகவரியேதான்.

“வீட்டுக்குள்ளேயே பாம்பு, பிள்ளை.”

ரூட்டருக்குப் பின்னால் எத்தனை கைப்பேசி இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி, அதை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். மிகுந்த அக்கறையோடு. என் அக்கறை எனக்குத் தெரியும்.

எழுத்தர் தினேஸ்வரி கேட்டுக்கொண்டு நின்றாள். “எங்கப்பா இருந்த தோட்டத்துலயும் இப்படித்தான் டீச்சர். எல்லாக் கடுதாசியும் ஆபீஸ் பேருக்குத்தான் வரும். எந்த லயத்து வீட்டுக்குன்னு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிக்கு மட்டும்தான் தெரியும்.”

என் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது. நம் கிராணி, அந்த ரூட்டர், வாய் திறக்காது என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

திறந்துவிட்டது. ரூட்டரின் பதிவு தினமும் தமக்கு மின்னஞ்சலில் வரும்படி தலைவர் எப்போதோ ஏற்பாடு செய்திருக்கிறாராம். சனிக்கிழமை 10.20க்கு அந்தப் பக்கத்தில் எழுதியது, உள்ளே மூன்றாம் எண் பெற்ற கருவி. பொருளாளர் சுகுமார் ரூட்டரின் இன்றைய இணைப்புப் பட்டியலைப் பார்த்தார். மூன்றாம் எண்: தினேஸ்வரியின் கைப்பேசி.

வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். காரணமும் தயார்: நீக்கப்பட்ட பிள்ளைகளில் அவள் மகன் ஷர்வினும் ஒருவன்.

“நான் எழுதல லா டீச்சர். எழுதியிருந்தா இன்னும் நல்லா எழுதியிருப்பேன்.”



சனிக்கிழமை எண்ணைப் புதன்கிழமைப் பட்டியலில் தேடியிருக்கிறார்கள்! மின்சாரம் வீண் என்று தினமும் மாலை ரூட்டரை அணைக்கச் சொல்வது தலைவர். மறுநாள் அது எல்லாவற்றையும் மறந்து, வருகிறவர்களுக்கு வரிசையாக எண் கொடுக்கும். ஒன்று ரூட்டருக்கே; முதலில் வந்தால் இரண்டு, அடுத்து மூன்று. இன்று சுகுமார் முந்திக்கொண்டார், அவளுக்கு மூன்று. சனிக்கிழமை கதவைத் திறந்தவள் அவள். இரண்டாவதாக வந்தவள்?

வருகைப் புத்தகத்தில் நேரத்தோடு கையெழுத்து இருக்கிறது. அதுவும் தலைவரின் கட்டளையே.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பேசாமல் இருந்துவிட்டால்? — இதைக் கேட்கிறியே, வெட்கமா இல்ல உனக்கு?

ஆகஸ்ட் 17, சனி

செயற்குழு. எல்லோரையும் கைப்பேசியில் வைஃபையை நிறுத்தச் சொல்லி, ரூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். முதலில் சுகுமார் இணைந்தார், அடுத்துத் தலைவர். மூன்றாம் எண் தலைவருக்கு விழுந்தது.

“அப்போ எழுதினது நீங்களா, அங்கிள்?”

கேட்டுவிட்டு, வருகைப் புத்தகத்தை விரித்தேன். பத்தாம் தேதி: 9.05 தினேஸ்வரி. 9.20 சுபாஜினி, அதாவது நான். அடுத்த கையெழுத்து பதினொரு மணிக்கு.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். “மெஷின் பிழை விடும்தானே.”

“புதன்கிழமை விடலையா?”

“அது வேற. நீர் எங்கட ஆள். படிச்ச பிள்ளை.”

“நான்தான் எழுதினேன்.”

“இரக்கப்பட்டுப் பழியை ஏற்கிறீர். உம்மட குணம் தெரியாதா?”

என்ன ஜென்மங்கள்! ஒப்புக்கொண்ட என்னைக் குற்றவாளியாக்க மனமில்லை. அவளுக்கு ஒரு எண் போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கூட்டக் குறிப்பு வந்தது. “ரூட்டரில் கோளாறு. புதியது வாங்கப்படும். எழுத்தர் பணியில் தொடரலாம்.” தொடரலாமாம். மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன். மூன்று பிரதியிலும் இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

காலையில் அதே வரிகளைக் காகிதத்தில் எழுதி, முழுப் பெயரும் போட்டு, மன்றத்து அறிவிப்புப் பலகையில் குத்தினேன். ஊசி எடுத்துக் கொடுத்தவள் தினேஸ்வரி. நிதானமாக வாசித்தாள். “சுமார்தான் டீச்சர்.”

மாலையில் வகுப்பு, என் வீட்டு வரவேற்பறையில். பதினொரு பிள்ளைகள். ஷர்வின் செருப்பைக் கழற்றும்போதே வைஃபை கடவுச்சொல் கேட்டான். எல்லோருக்கும் தெரியும்படி பலகையில் எழுதிப் போட்டேன்.

இனி இந்த வீட்டிலிருந்து யார் என்ன எழுதினாலும், வெளியே தெரிவது என் முகவரிதான்.