கடைசிக் குதிரைக்குத் தெரியுமா?

ஞாயிறு இரவு, வண்டியூர்

"கடைசியா ஓடுற குதிரைக்குத் தான் கடைசின்னு தெரியுமா சார்?" என்று முன்பு என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வி இன்று மறுபடி நினைவுக்கு வந்தது.

இன்று பக்கத்து வீட்டு முத்தையாவும் அவர் மனைவி பாண்டியம்மாளும் எங்கள் வீட்டு டிவியில் படம் பார்த்தார்கள். ஊரே வேலையில்லாமல் தவிக்கும் காலத்தில், யாரும் மதிக்காத குட்டைக் குதிரை ஒன்று பந்தயம் ஓடும் கதை. முத்தையாவிடமும் வண்டிப் பந்தயத்தில் ஓடும் செவலைக் குதிரை இருக்கிறது. கல்யாண ஊர்வலச் சவாரி குறைந்து தீவனத்துக்கே வழியில்லாததால், அதை விற்க நாளை தரகரை வரச் சொல்லியிருந்தார்.

படத்தில் குதிரை பின்தங்கியதும் முத்தையா கத்தினார்: "கடிவாளத்தை இழுக்காதடா, விடுடா!"

"படத்துக் குதிரைக்கு யோசனை சொல்றாக! போன பந்தயத்துல நம்ம செவலையை இழுத்துப் புடிச்சுக் கடைசியாக்குனது யாராம்?" என்றார் பாண்டியம்மாள்.

"வண்டி கவுந்துருமோன்னு பயந்துட்டேன் சார்" என்றார் முத்தையா என் பக்கம் திரும்பி. படம் முடியுமுன்பே தரகருக்குப் போன் போட்டார். "அண்ணே, நாளைக்கு வராதீக. தை மாசப் பந்தயம் ஒண்ணு ஓட்டிப் பாத்துக்கிறேன்."

அதுவரை தீவனத்துக்கு என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

கடிவாளத்தைப் பிடித்திருக்கும் கைதான் 'நீ கடைசி' என்று குதிரைக்குச் சொல்கிறது போலும். பென்சிலை இறுக்கிப் பிடித்த பிள்ளைகளுக்கும் எழுத்து ஓடியதில்லை.

நீயும் பேனாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து, ஒரு வரி எழுதிப் பார்.